பாங்காக் போன எவர்சில்வர் தட்டு

டக்.

அந்த ஓசையை முதலில் கேட்டபோது நான் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கல்லூரி போகும் காலைப் பேருந்து. படிக்கட்டில் நிற்கும் கண்டக்டர் மோதிரம் போட்ட விரலால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நிற்கும். இரண்டு தட்டினால் கிளம்பும். கழுத்தில் விசில் தொங்கியது. அது அழகுக்கு. ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது அந்த ஓசை, தண்ணீரில் கூழாங்கல் விழுந்ததுபோல் இருக்கும். எதைக் கேட்டாலும் உவமை தோன்றுகிற வயது எனக்கு.

அந்தக் கண்டக்டருக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பெயர் இசக்கிமுருகன். கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் மோதிரம் விழுந்தது. டக். மாமியார் எழுந்து ஓடிப்போய் உப்பு கொண்டுவந்து தூவினார். அதற்கடுத்த நாளிலிருந்து ஓடியது நான்.

ஒரு தட்டு என்றால் உப்பு. இரண்டு என்றால் ரசம். மூன்று என்றால் சமையலில் ஏதோ கோளாறு, என்னவென்று நீயே கண்டுபிடி. பின்னால் டிக்கெட் பரிசோதகராகப் பதவி உயர்ந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. சாம்பாரில் அனுமதியில்லாமல் ஏறிய ஒற்றைக் கடுகைக்கூடப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவார். ஆனால் நல்ல மனுஷர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்துவானேன்? மோதிரம் இருந்தது.

எனக்கு ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. சூடாக ஒரு வேளைச் சாப்பாட்டை, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், சாப்பிட்டு முடிக்க வேண்டும். அவரோடு உட்கார்ந்தால் எழுந்து எழுந்து ஓட வேண்டும். அவருக்குப் பிறகு உட்கார்ந்தால் சோறு ஆறிப்போயிருக்கும். என் வாழ்க்கையில் ஆவி பறக்கும் சோறு என்பது பிறர் தட்டில் பார்க்கிற காட்சி.

அப்படியிருக்கையில்தான் எங்கள் மகள் சுகன்யா பாங்காக்கிலிருந்து கூப்பிட்டாள். அங்கே வேலை. வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். டிக்கெட் எடுத்துவிட்ட பயணத்தை மறுப்பது அவர் தொழில் தர்மத்துக்கு விரோதம். ஆகவே ஒரு சபதத்தோடு சம்மதித்தார்.

"தண்ணியைத் தவிர அந்த ஊர்ல எதையும் நான் வாயில வைக்க மாட்டேன். நீ அங்கன பொங்கிப் போட்டிரணும்."

பெட்டி நிரம்பியது. இட்லிப்பொடி, அவல், முறுக்கு, மாவடு, அரிசி. அதன்மேல் ஐந்து லிட்டர் குக்கர். குக்கருக்குள் அவருடைய தட்டு, "இ.மு." என்று பெயர் வெட்டியது. புத்தர் பிறப்பதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் தட்டு கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

"ஏளா, அங்க அடுப்பு எத்தனை பர்னர்?"

"எல்லா வசதியும் இருக்குன்னு சுகன்யா சொன்னா."

அது பொய் இல்லை. சொன்னாள். அதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். அதை நான் என்னோடு வைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் குக்கரைத் திறந்து பார்த்தார்கள். தட்டைத் திறக்க முடியாததால் திருப்பிப் பார்த்தார்கள். பாங்காக்கில் இறங்கி, சுகன்யாவின் வீட்டுக்குப் போய், குக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்ற அதிக நேரம் ஆகவில்லை. ஒரு அறை, ஒரு குளியலறை, துணி உலர்த்த ஒரு பலகணி.

"அடுப்பு எங்கம்மா?"

"அடுப்பா? இந்தக் கட்டடத்துலயே யாரும் சமைக்க மாட்டாகப்பா. கீழ போனா தெரு பூரா சாப்பாடுதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பலகணி வழியாக வானத்தைப் பார்த்தேன்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"வசதி இருக்குன்னுதான சொன்னேன். கீழ இருக்கு."

அன்று இரவு முறுக்கு. மறுநாள் காலை ஊறவைத்த அவல். பதினோரு மணிக்குக் கீழே தெருவில் யாரோ இரும்புச் சட்டியில் பூண்டைப் போட்டார்கள். அந்த வாசனை ஏழு மாடி ஏறி வந்து எங்கள் கதவைத் தட்டியது. மாவடு ஜாடியை மூடிவிட்டு அவர் செருப்பைத் தேடினார். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போகிறாராம். அன்று விடுமுறை என்பதால் சுகன்யாவும் கூட வந்தாள்.

சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி. வண்டி முகப்பில் கோழிப் படம். சுற்றிலும் குட்டை நாற்காலிகள். வண்டிக்குப் பின்னால், கொதிக்கும் சாற்றுக்கு முன்னால், தலையில் துண்டு கட்டிய ஒரு பெரிய மனுஷி. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்தக் கரண்டிக்கு மரியாதை கொடுத்து, பெரியம்மா என்று எங்களுக்குள் பேர் வைத்தேன்.

கோழி நூடுல்ஸ் வந்தது. ஆவி என் முகத்தில் பட்டது. கொத்தமல்லி, வறுத்த பூண்டு, எங்கோ தூரத்தில் உலரும் நெத்திலியின் வாசம். அவர் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். கை தானாக எழுந்தது. மோதிரம் கிண்ணத்தில் விழுந்தது.

தொப்.

பிளாஸ்டிக் கிண்ணம். ஓசை எங்கள் மேசையையே தாண்டவில்லை. அவர் இன்னொரு முறை தட்டினார். தொப். நான் நூடுல்ஸைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். எழுந்து எங்கே ஓட? என் அடுக்களை கடல் தாண்டி இருந்தது.

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கரண்டியால் எங்கள் மேசையைக் காட்டினாள். அங்கே ஒரு கம்பித் தூக்கில் நாலு ஜாடி. மிளகாய்த் தூள், பச்சைமிளகாய் மிதக்கும் புளிப்புக் காடி, பழுப்பாக மீன் சாறு, வெள்ளையாக ஒன்று.

"என்ன சொல்லுதா?"

"உங்களையே போட்டுக்கிடச் சொல்லுதாக. இங்க எல்லாரும் அவுகவுகதான் போட்டுக்கிடணுமாம்," என்றாள் சுகன்யா.

அவர் சுற்றிலும் பார்த்தார். அலுவலகத்துப் பெண்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள், ஒரு போலீஸ்காரர். எல்லாரும் ஜாடி ஜாடியாக எடுத்துப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரரே தனக்குத்தானே போட்டுக்கொள்கிற ஊரில் டிக்கெட் பரிசோதகர் என்ன செய்ய முடியும்? ஜாடியை இழுத்தார். வெள்ளையாக இருந்ததில் இரண்டு கரண்டி குவித்துப் போட்டார்.

அது சீனி. அந்த ஊரில் நூடுல்ஸுக்குச் சீனி போடுவார்கள், கால் கரண்டி. உப்புக்குத்தான் மீன் சாறு. சுகன்யா வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு தீபாவளி வந்து போனது. விரல் எழுந்தது. அந்தரத்தில் நின்றது. யாரைத் தட்டுவது? போட்டது அவர் கை.

"சரியா இருக்கா?" என்றேன்.

"கச்சிதமா இருக்கு," என்றார்.

அந்தப் பாயசத்தை அடி வரைக்கும் குடித்தார். நான் என் கிண்ணத்தை எழாமல் முடித்தேன். கடைசி மடக்கும் சூடாக இருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மிளகாய் என்று சுகன்யாவிடம் சொன்னேன்.

அன்றைக்கு ஓர் உண்மை தெரிந்தது. தான் போட்டதை அவர் தட்ட மாட்டார்.

அடுத்து வந்த நாட்களில் தெருத் தெருவாகச் சாப்பிட்டோம். ஒரு கடையில் மண் உரலில் பச்சைப் பப்பாளியை இடித்துக் கொடுத்தார்கள். எத்தனை மிளகாய் என்று விரலை விரித்துக் காட்டிக் கேட்டாள் கடைக்காரி. திருநெல்வேலியின் மானம் தன் கையில் இருப்பதாக நினைத்து இவர் ஐந்து விரலையும் விரித்தார். பிறகு அரைமணி நேரம் தண்ணீர்ப் பாட்டிலும் கையுமாக இருந்தார். காது மட்டும் சிவந்து தனியாகத் தெரிந்தது. இன்னொரு கடையில் வள்ளைக்கீரையைத் தீப்பிழம்பில் தூக்கிப் போட்டுப் புரட்டினார்கள். எங்கள் ஊர் வாய்க்காலில் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கிற கீரை. அதற்கு இப்படியொரு வாழ்வு இருக்கிறதென்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

ஒருநாள் சுகன்யா ஓட்டலுக்குள் கூட்டிப்போனாள். அங்கே எல்லாக் குழம்பும் நடுவில். அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் வெறும் சோற்றின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் பரிமாறவில்லை. முழு மீன் ஒன்று எங்கள் கண் முன்னாலேயே முள்ளாகிக்கொண்டிருந்தது. தலை மட்டும் மிஞ்சியபோது கையை நீட்டினார். அதன் பிறகு எந்த ஓட்டலிலும் அவர் காத்திருக்கவில்லை.

ஆனால் உள்ளுக்குள் ஒரு திட்டம் கொதித்திருக்கிறது. ஆறாம் நாள், சுகன்யா வேலைக்குப் போன பிறகு, கக்கத்தில் எதையோ செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெரியம்மா கடையில் உட்கார்ந்து பிரித்தார். எவர்சில்வர் தட்டு. "இ.மு." வெயிலில் மின்னியது.

"கோளாறு கிண்ணத்துலதான்," என்றார். "பிளாஸ்டிக்கு. சத்தம் கேட்டாத்தான வருவாக."

சாறில்லாத நூடுல்ஸைச் சைகை காட்டித் தட்டில் வாங்கினார். ஒரு வாய் வைத்தார். விளிம்பில் மோதிரத்தை இறக்கினார்.

டக்.

முக்கூடல் பாலத்தில் கேட்ட அதே ஓசை. தெருவே திரும்பியது. பெரியம்மா முகம் மலர்ந்து, இன்னொரு கிண்ணம் நூடுல்ஸைக் கொண்டுவந்து தட்டில் கொட்டிவிட்டுப் போனாள். இவர் பதறிப்போய் மறுபடி தட்டினார். டக். இன்னொன்று வந்தது. நல்ல பசி போல என்று அவள் பக்கத்து மேசையில் அபிநயம் பிடித்துக் காட்டினாள்.

"ஏளா, வேண்டாம்னு சொல்லு."

"எனக்கு அவுக பாஷை தெரியாதே. நீங்கதான் தட்டிப் பேசுதீக."

மூன்று கிண்ணத்தையும் தின்றார். மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். முடித்ததும் பெரியம்மா அவர் தோளில் தட்டி, மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய சோறும் இலவசமாக வைத்தாள். அதையும் தின்றார். அறைக்குத் திரும்பியதும் தட்டு குக்கருக்குள் போனது.

அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். ஜாடிகளைக் கையாள்வதில் ஒரு வித்துவச் செருக்கு. காடியை விளிம்போரமாக விடுவார். மீன் சாற்றை எண்ணிச் சொட்டுவார். சீனியைத் தூரத்தில் தள்ளி வைப்பார். பெரியம்மா பார்த்துத் தலையாட்டினால் அன்று முழுக்கச் சிரிப்பு. ஊரில் டீக்கடை அண்ணாச்சியைத் தொலைபேசியில் பிடித்து, நாகரிகம்னா இதுதான் வே, தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கிடுதான், பொண்டாட்டியை ஏவ மாட்டான் என்று முழங்கினார். நான் அருகில் படுத்து, கண்ணை மூடி, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டேன்.

கிளம்புகிற நாளில், மேசையில் இருந்த ஜாடித் தூக்குபோல் ஒன்று எங்கே கிடைக்கும் என்று பெரியம்மாவிடம் கேட்கச் சுகன்யாவிடம் சொன்னேன். பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். கடையில் இருந்ததிலேயே ஒன்றைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் அடுத்த வீட்டு முஃபீதா பயணக் கதை கேட்க வந்தாள். இவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, டீக்கடை அண்ணாச்சியிடம் முழங்கியதை வரி மாறாமல் மறுபடி முழங்கினார். அவர் முடித்ததும் நான் பெரியம்மா கொடுத்த தூக்கில் நாலு ஜாடியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். உப்பு, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், சீனி. பிறகு சோறும் குழம்பும் வைத்தேன். எதிலும் உப்பில்லை.

அவர் ஒரு வாய் வைத்தார். பழக்க தோஷம். டக்.

நான் அசையவில்லை. என் தட்டில் வளையலால் இரண்டு தட்டுத் தட்டினேன். டக் டக்.

முஃபீதாவுக்குப் புரியவில்லை. "இது என்னக்கா?"

"இவுக வண்டி பாஷை. ரைட், போகலாம்னு அர்த்தம்."

முஃபீதா முன்னால் நாகரிகத்தைக் கைவிட முடியுமா? ஜாடியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் சாப்பிட்டு முடித்தேன். எழவில்லை. குழம்பு கடைசிவரை சூடாக இருந்தது.

ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு பாயிண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். பரிசோதகர் அல்லவா.

"ஏளா, மேல போடுத உப்பு மேலயே நிக்கு. கொதிக்கும்போது போட்டாத்தான் உள்ள இறங்கும்."

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது.

"அப்ப கொதிக்கும்போது நீங்களே வந்து போட்டிருங்க," என்றேன்.

வந்தார். உப்பைப் போட்டார். போட்டவர் கிண்டிப் பார்த்தார். கிண்டியவர், பூண்டு பத்தாது, அங்க பெரியம்மா இப்படியா வதக்குவாக என்றார். நான் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சமையல் அவர்தான். உப்பு கொஞ்சம் கூடத்தான் விழுகிறது. நான் தட்டுவதில்லை.