டிக்கிக் கதவு இப்போது நிற்கிறது

புரோத்ராபூர்,
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கௌதம் அவர்களுக்கு, மாமனார் முத்துகிருஷ்ணன் எழுதிக்கொள்வது. இங்கு தீவில் நானும், உங்கள் அத்தை நீலாவதியும், சென்னைக்குப் போகும்போது நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன காரும் சுகம். அங்கு நீங்களும் என் மகள் சௌமியாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

போன வாரம் மறுபடியும் என்ன சொன்னீர்கள்? "உப்புக் காத்துல வண்டி வீணாப் போகுது மாமா, உங்களால பாத்துக்க முடியாது, வித்துடலாம்" என்றீர்கள். முப்பத்திரண்டு வருஷம் கப்பல் பட்டறையில் பெயின்டராக இருந்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? கப்பலையே துருவிடமிருந்து காப்பாற்றியவனுக்கு ஒரு கார் எம்மாத்திரம்? டிக்கிக் கதவு விழுந்துவிட்டதாக யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். விழுந்தது உண்மைதான். எப்படி விழுந்தது, எப்படி நிமிர்ந்தது என்பதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் கேஸ் அடைத்த கறுப்புக் குழாய் இருக்கிறதல்லவா, டிக்கி ஷாக் என்பார்கள், அதிலிருந்து பளபளவென்று ஒரு கம்பி வெளியே வரும், உள்ளே போகும், கதவைத் தாங்கி நிறுத்துவதே அதுதான். மே மாதம் மழை பிடித்ததும் அந்தக் கம்பியைக் கவனித்தேன். ஒரு பூச்சும் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. மின்னுகிற இரும்பைக் கண்டால் உப்புக்கு முன்னால் நீ பெயின்டோடு போய்ச் சேர் என்பதுதான் எங்கள் பட்டறைச் சட்டம். அன்றைக்கே ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன்மேல் கப்பல் சாம்பல் ஒரு கோட் அடித்தேன். நேர்த்தி என்றால் அப்படி ஒரு நேர்த்தி. நாலு நாள் கதவு நன்றாக நின்றது. ஐந்தாம் நாள் லேசாகத் தாழ்ந்தது, பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். பத்தாம் நாள் என் தலையில் விழுந்தது. உடனே படாக் மரத்தில் ஒரு கம்பு வெட்டி முட்டுக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் அனுப்பிய காண்டிராக்டர் பாலகுமார் காரை வாங்கலாமா என்று பார்க்க வந்தார், ஸ்டெப்னியைப் பார்க்கிறேன் என்று உள்ளே குனிந்தார், முழங்காலால் கம்பைத் தட்டினார், கதவு அவர் முதுகில் இறங்கிவிட்டது. "சும்மா குடுத்தாலும் வேணாம் சார்" என்று முதுகைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஆனாலும் அப்படியே விட முடியுமா? மெக்கானிக் ஈஸ்வரனிடம் கொண்டுபோனேன். கம்பியைப் பார்த்தவன் என்னையும் ஒருமுறை பார்த்தான்.

"இதுக்கு யாரு அங்கிள் பெயின்ட் அடிச்சது?"

"நான்தான். மூணு கோட்டு."

"இது வழுக்கிக்கிட்டு உள்ள போற கம்பி அங்கிள். பெயின்ட் அதோட உள்ள போயி வாஷரைக் கிழிச்சிருச்சு, கேஸ் பூரா போயிருச்சு. எண்ணெயும் போடக்கூடாது, பெயின்டும் அடிக்கக்கூடாது. காஞ்ச துணியால தொடச்சா போதும். இனி ஜோடியா புதுசுதான் மாத்தணும்."

பெயின்டில் குறை இல்லை என்பதைக் கவனியுங்கள். கம்பிதான் நடமாடுகிற ஜாதி. புது ஷாக்குக்கு ஜங்கிலிகாட்டில் ஸ்பேர் கடையில் சொல்லி வைத்தேன். உள்ளே கேஸ் இருப்பதால் விமானப் பார்சலில் ஏற்ற மாட்டார்களாம், கப்பலில்தான் வர வேண்டுமாம். தினமும் போய் நின்றேன். "ஜஹாஜ் ஆயேகா தோ மிலேகா அங்கிள்" என்று, கப்பல் வந்தால்தான் கிடைக்கும் என்பதையே, கடைக்காரர் தினமும் சொன்னார். கடலில் காற்று, கப்பல் கிளம்பவில்லை. மூன்று வாரம் கழித்துக் கப்பலும் வந்தது, ஷாக்கும் வந்தது.

மாட்டியது நானே. கதவை மேலே தூக்கித் துணிக்கொடிக் கம்பால் உங்கள் அத்தை தாங்கிப் பிடிக்க, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை நெம்பிப் பழையதைக் கழற்றினேன். குழாய் மேலே, கம்பி கீழே வர வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் வாஷரை நனைத்துக்கொண்டே இருக்கும் என்று அவளுக்கு விளக்கினேன். "கை கடுக்குதுங்க, வெளக்கத்த அப்புறம் வச்சுக்கலாம், மொதல்ல மாட்டுங்க" என்றாள். டக் என்று ஒரு சத்தம், அந்தப் பக்கம் இன்னொரு டக். கம்பை எடுத்தோம். கதவு நின்றது மாப்பிள்ளை, அசையாமல் நின்றது. இப்போது ஒற்றை விரல் போதும், தானே மேலே போகிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கப்பலோடு கப்பலாகக் கார் நிக்கோபார், காம்பெல் பே என்று சுற்றினேன். சௌமியாவை வளர்த்தது நீலாவதி ஒருத்திதான். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் நாலு மணிக்குச் சிடியாடாப்பு கடற்கரைக்குப் போய், கதவைத் தூக்கிவிட்டு, டிக்கி விளிம்பில் இருவரும் உட்கார்ந்து பிளாஸ்க் டீ குடிக்கிறோம். மழை வந்தால் கதவுதான் கூரை. வீட்டில் பேசாததையெல்லாம் அங்கே பேசுகிறாள். முக்கால்வாசி என்னைத் திட்டுவதுதான். இருந்தாலும் எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

ஆகவே, கார் முதல் தரமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ள என்னைவிட ஆள் கிடையாது, என்னிடமே விட்டுவையுங்கள். சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கம். சௌமியாவுக்கு என் ஆசி. வெற்றிமலை முருகன் உங்கள் இருவரையும் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
முத்துகிருஷ்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பாலகுமார் வந்துவிட்டார். முதுகு சரியாகிவிட்டதாம். கதவை ஏழு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "இந்த மாதிரி பாத்துக்கிட்ட வண்டி தீவுலயே கெடையாது சார். ஹேவ்லாக்ல வேலைய முடிச்சுட்டு அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறேன், உங்க மாப்பிள்ள கேட்ட வெலையே தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆகையால் மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் நம்ப வேண்டாம். கார் படு மோசம். உப்பு தின்றுவிட்டது. எனக்கு ஒன்றுமே பார்த்துக்கொள்ளத் தெரியாது. அவர் போன் செய்தால் இதையே சொல்லுங்கள். புது ஷாக் இரண்டையும் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து, செத்த ஷாக்கையே திரும்ப மாட்டியாகிவிட்டது. பாலகுமார் நினைப்பை மாற்றிக்கொள்ளும் வரை சிடியாடாப்பில் கதவை நான் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு கையால் டீ குடிக்க முடியும். இந்த யோசனை என்னுடையது என்று நினைக்காதீர்கள். பாலகுமாரின் ஜீப் தெரு முனை திரும்புவதற்குள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றது உங்கள் அத்தை.