முகம் பொருந்தவில்லை

"முகம் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன" என்றது கம்ப்யூட்டர்.

சிரஞ்சீவி குரங்குக் குல்லாயை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். திருப்பதி வெயிலில் குரங்குக் குல்லாய் போடுகிறவன் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், அல்லது எதையோ மறைக்கிறவனாக இருக்க வேண்டும். அவன் இரண்டாவது ரகம். காலையில்தான் அலிபிரி படியேறி, மலைமேல் மொட்டை போட்டுவிட்டு, இறங்கின கையோடு பல்கலைக்கழக கம்ப்யூட்டர் லேபுக்கு வந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் மோகனப்ரியா என்று ஒரு பெண் இருந்தாள். குல்லாய்க்கு அவள்தான் காரணம்.

மொட்டை அவன் அம்மா மணியம்மாவின் வேண்டுதல். பிள்ளைக்கு சீட் கிடைத்ததற்கு. மணியம்மாவுக்கு வேண்டுதல் ஒன்றும் புதிதல்ல. மாடு கன்று போட்டாலும் மொட்டை, போர்வெல்லில் தண்ணீர் வந்தாலும் மொட்டை. வேண்டுதல் யாருக்காக இருந்தாலும் தலை மட்டும் சிரஞ்சீவியுடையது.

மாணவர் கணக்கை இன்று ஐந்து மணிக்குள் திறந்தால்தான் ஹாஸ்டலில் இடம். தவறினால் பலமனேருக்கு அப்பாலிருந்து சித்தூர், பாகாலா என்று தினமும் பஸ்ஸில் வர வேண்டும். படிப்பு பஸ்ஸிலேயே முடிந்துவிடும். பாஸ்வேர்டு எப்படியோ அமைந்துவிட்டது. கடைசிப் படி இந்த முகச் சரிபார்ப்பு. விண்ணப்பத்தில் இருக்கும் போட்டோவோடு கேமரா முன்னால் இருக்கும் முகம் ஒத்துப்போக வேண்டும்.

"இன்னா சார் இது? என் மூஞ்சி என்னுது இல்லேங்குது."

லேப் பொறுப்பாளர் நாகபூஷணம் வந்து குல்லாயைக் கழற்றிப் பார்த்தார். மோகனப்ரியா நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் மெதுவாகத்தான் திரும்பினாள்.

"ஓஹோ. போட்டோல ஜுட்டு உந்தா பாபு?"

"முடியா சார்? நெத்தி வரைக்கும் இருக்கும். சித்தூர் ஸ்டுடியோல எடுத்தது."

"மரி, முடி இருக்கிற ஆளுக்கு பதிலா மொட்டை வந்து உட்கார்ந்தா மெஷின் எட்லா ஒத்துக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. வாசலோரம் லட்டுப் பையோடு உட்கார்ந்திருந்த மணியம்மா எழுந்து வந்தாள். "டேய், நான் இன்னா சொல்றேன்னா..."

"ம்மா, நீ சும்மா இரு. இது கம்ப்யூட்டர் விஷயம்."

"அந்த போட்டோவை நாம பார்க்க முடியாதா சார்?" என்று கேட்டான் சிரஞ்சீவி. ஒரு இயந்திரம் மனிதன் முகத்தில் எதைத்தான் பார்க்கும் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசையாகவும் இருந்தது.

"எவரும் பார்க்க முடியாது. செக்யூரிட்டி."

இரண்டாம் வருஷத்துப் பழனி உதவிக்கு வந்தான். அவன் நாடகக் குழு. போன வருஷத்து ராஜா வேஷத்துக்கான டோப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து சிரஞ்சீவியின் தலையில் கவிழ்த்தான். முடி தோள்வரை சுருண்டு தொங்கியது.

மணியம்மா பதறிப்போனாள். "சாமிக்குக் குடுத்ததை அன்னிக்கே திருப்பி வாங்கிக்கினா தப்பு இல்லையாடா? நான் இன்னா சொல்ல வர்றேன்னா..."

"ம்மா!"

சிரஞ்சீவி கேமராவைப் பார்த்தான். கேமரா ராஜாவைப் பார்த்தது. "முகம் பொருந்தவில்லை. சந்தேகத்துக்கிடமான முயற்சி. பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் சொல்லவும்: உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார்?"

இது சுலபம். எட்டாவதில் கணக்கு சொல்லிக்கொடுத்த தேவயானி டீச்சர் பெயரை அடித்தான். தவறு என்றது. விண்ணப்பம் போட்ட சமயத்தில் அவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். அம்மாதான் பலமனேர் நெட் சென்டருக்குப் போய் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தாள். உடனே நெட் சென்டர் சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டான்.

"அண்ணா, எனக்குப் பிடிச்ச டீச்சர் யாரு?"

"நான்தான்" என்றார் சுரேஷ்பாபு, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "நம்ம கடைக்கு வர்ற பசங்க எல்லாருக்கும் சுரேஷ்பாபுன்னுதான் போடுவேன். பின்னாடி மறந்துட்டு வந்து நிப்பீங்க பாரு, அதுக்குத்தான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பின் வரிசையில் இரண்டு பலமனேர்ப் பையன்கள் அவசரமாகத் தங்கள் கணக்கைத் திறந்து பதிலை மாற்ற ஆரம்பித்தார்கள். நாகபூஷணம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மாணவர் கணக்கின் பாதுகாப்பு பற்றி அன்று காலைதான் ஒரு மணி நேரம் பேசியிருந்தார்.

பதில் சரி. "இதுவே கடைசி வாய்ப்பு" என்றது திரை. மணி ஐந்தாகப் போகிறது. கட்டட வேலையில் சிமென்ட் மூட்டை தூக்கினபோதெல்லாம் சிரஞ்சீவி இந்த சீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். முடி போனதால் படிப்பும் போய்விடுமோ என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"கண்ணு, ஒரே ஒரு வார்த்தை" என்றாள் மணியம்மா.

"அப்புறம் சொல்லும்மா, உனக்குப் புண்ணியமா போவுது."

பழனி டோப்பாவின் சுருளைத் தண்ணீர் தொட்டு நீவிவிட்டான். மோகனப்ரியா தன் ஹேர்பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். மொட்டையில் பின் எங்கே நிற்கும்? ஆனாலும் அவள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று நாகபூஷணம் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

சிரஞ்சீவி ஏழுமலையானை நினைத்து பட்டனை அழுத்தினான். மலைப்பக்கமிருந்து காற்று ஒரு வீச்சு வீசியது. டோப்பா ஹேர்பின்னோடு கழன்று பின்வரிசைப் பையன் மடியில் போய் விழுந்தது. வழவழவென்ற மொட்டை கேமராவுக்கு நேராகப் பளபளத்தது.

பழனி கண்ணை மூடிக்கொண்டான்.

"முகம் பொருந்தியது. வருக, சிரஞ்சீவி" என்றது கம்ப்யூட்டர்.

லேபே வாயைப் பிளந்தது. சிரஞ்சீவி அவசரமாக ஹாஸ்டல் அறையைத் தேர்ந்தெடுத்தான். நாகபூஷணம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்ல. அந்தா சுவாமி தயா."

"சாமி இல்ல சார், டெக்னாலஜி" என்றான் பழனி. "முடியைத் தாண்டி எலும்பு வரைக்கும் பார்க்குது."

"எப்படிடா கண்டுபிடிச்சிருக்கும்?" என்று சிரஞ்சீவி திரையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணியம்மா பையைத் திறந்து லட்டைப் பிட்டு அவன் கையில் வைத்தாள். "முதல்ல இதைத் துன்னு. எத்தினி வாட்டி சொல்ல வந்தேன், எங்க சொல்ல வுட்டே? அந்த சித்தூர் போட்டோல நீ ரௌடியாட்டம் இருந்தே, அதனால அதைக் குடுக்காம, பத்தாவது பாஸானப்ப மொட்டை போட்டுக்கினு எடுத்தியே, அந்த போட்டோவைக் குடுத்துட்டு வந்தேன்."