ஜமீனுக்குப் பொன்னாடை போர்த்திய கதை

ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். நான் காலையில் அதைச் செய்துவிட்டு மாலையில் கலைத்துவிடுவேன். பிறவிக் குணம். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு ஒருவன் சட்டை வாங்கலாம், ஓட்டலில் போய் உட்காரலாம் (பசியோடு திரும்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்). மாமனாரின் குதிரையை மட்டும் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளக் கூடாது.

குதிரை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மட்டக்குதிரை. அதன் முதுகு என் நெஞ்சளவுக்குத்தான் வரும். பெயர் ஜமீன், வயது இருபத்து நாலு. பாதிப் பற்கள் தேய்ந்து, முதுகு நடுவில் தொய்ந்து, விலா எலும்பு லேசாகத் தெரியும். சூலூருக்குப் பக்கத்தில் மாமனாரின் தென்னந்தோப்பில், வெயிலோ மழையோ வெட்டவெளியில்தான் வாசம். ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று உண்டு. ஜமீன் அதை மதித்து உள்ளே போனதில்லை.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். இளையவள் என் மனைவி கவிதா. டொரண்டோவில் இருக்கும் மூத்தவளுக்குப் பிரசவம் என்று மாமனாரும் அத்தையும் ஐப்பசியில் கிளம்பினார்கள். தை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். அதுவரை தோப்பு வீட்டில் நாங்கள் குடியிருக்க வேண்டும். கிளம்பும்போது மாமனார் ஜமீனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பெற்ற பெண்ணைக் கல்யாணம் செய்து அனுப்பியபோது அவர் கண் கலங்கி நான் பார்க்கவில்லை. அன்று பார்த்தேன்.

"இன்னொரு குளுரு இது தாங்குமான்னு தெரியலீங்க. உங்களை நம்பித்தானுங்க மாப்ள உட்டுட்டுப் போறேன்."

"நீங்க கவலைப்படாம போங்க மாமா. என்னென்ன பண்ணோணும்னு..."

"உங்களுக்குத் தெரியாததுங்களா!" என்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு தொல்லை. மாப்பிள்ளைக்கு அதைச் செய், இதைச் செய் என்று சொல்வது மரியாதை இல்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்து எனக்குத் தெரியாது என்று கேட்பதும் கௌரவம் இல்லை. ஆக, மரியாதையும் கௌரவமும் சேர்ந்து நடுவில் ஒரு கிழட்டுக் குதிரையை நிற்க வைத்துவிட்டன. நானோ மோட்டார் பம்பு கம்பெனியில் சரக்கு அனுப்புகிறவன். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் நின்றால் உதைக்கும் என்பதுதான்.

மார்கழி வந்தது. விடியற்காலையில் புல்லெல்லாம் பனி. ஜமீனின் முதுகில் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. (பனியில் நிற்கிற எதைத் தொட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.) போர்வை போர்த்த வேண்டுமோ?

செல்போனில் தேடினேன். பனி கொட்டும் ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள், வயதான குதிரைக்குக் கட்டாயம் போர்த்துங்கள் என்றாள். அடுத்த வீடியோவில் இன்னொரு அம்மாள், அதன் ரோமமே அதற்குப் போர்வை, போர்த்திக் கெடுக்காதீர்கள் என்றாள். இரண்டு பேர் பின்னாலும் கொழுகொழுவென்று குதிரைகள் நின்றன. பக்கத்துத் தோட்டத்தில் விசைத்தறி போட்டிருக்கும் ராஜண்ணனிடம் கேட்டேன். அவர் தறியை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"போத்துனா நல்லதுங்க தம்பி. போத்தலைன்னாலும் ஒன்னும் தப்பில்லீங்க."

கவிதா பொறுமை இழந்துவிட்டாள். "ஏனுங்க, அப்பாவுக்கே ஒரு போன் பண்ணிக் கேட்டாத்தான் என்னங்க?"

"நல்லாருக்குது! மாப்ளைக்கு ஒரு குருதையப் பாக்கத் தெரியலைன்னு டொரண்டோ வரைக்கும் தெரியோணுமா?"

போர்த்துவது என்று முடிவு செய்தேன். சென்னிமலைப் பெட்ஷீட் இரண்டை எடுத்தேன். மழை வந்தால் நனையுமே? மாமனார் இருபது வருடம் கோயில் கமிட்டியிலும் விளையாட்டுக் கழகத்திலும் இருந்தவர். விழாக்களில் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் பீரோவின் அடித்தட்டு நிறையக் கிடந்தன. அந்தப் பளபளப்பில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும் என்று என் மூளை சொன்னது. பெட்ஷீட்டுக்கு மேல் நாலு பொன்னாடையை வைத்துத் தைக்கச் சொல்லி சூலூரில் ஒரு டெய்லரிடம் கொடுத்தேன். அவர் முகம் மாறாமல் அளவு எழுதிக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கழுத்து எறக்கம் எவ்வளவுங்க வெக்கறது?"

அன்றிலிருந்து என் பிழைப்பு நாறியது. காலை ஆறு மணிக்குப் போர்த்துவேன். ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், கழற்றுவேன். மேகம் வந்தால் போர்த்துவேன். ஆபீசுக்குப் பாதி வழி போய், வேர்க்குமோ என்று திரும்பி வருவேன். ஜமீன் முதலில் கடித்தது, பிறகு உதைக்கப் பார்த்தது, கடைசியில் என் தலையைக் கண்டாலே தோப்பின் அடுத்த கோடிக்கு நடந்தது. சரிகை மின்ன அது நிற்பதைப் பார்த்து, பஸ்ஸுக்குப் போகும் பெண்கள் இருவர் வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

அப்புறம்தான் அந்தத் தூறல். வங்கக்கடலில் ஏதோ புயலாம். வியாழக்கிழமை சாயங்காலம் சிணுசிணுவென்று பிடித்தது, கூடவே காற்று. நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே முடிவில் நின்றேன். போர்த்திக் கட்டினேன். கழற்றவே இல்லை.

விடிந்து போய்ப் பார்த்தபோது ஜமீன் தலையைத் தொங்கப் போட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. பெட்ஷீட் ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் கனத்து, ஒரு பக்கமாகச் சரிந்து வயிற்றுக்குக் கீழே தொங்கியது. கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. கடிக்கக்கூட இல்லை. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, குடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கவிதாதான் கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அரை மணியில் வந்து, முதலில் அந்தத் துணியை அறுத்து எறிந்தார்.

"ஏனுங்க சார், பருத்தித் துணி நனைஞ்சா ஈரத்த உடாதுங்க. சும்மா உட்டிருந்தா முடி சிலுத்து, மேல உளுந்த தண்ணி அது பாட்டுக்கு வழிஞ்சு போயிருக்கும். நீங்க முடியவும் அமுக்கி, ராத்திரி பூராவும் ஈரத்தையும் சுத்தி வெச்சிருக்கறீங்க." கொஞ்சம் நிறுத்தி, "நல்ல எண்ணத்துலதான் செஞ்சுபோட்டீங்க" என்றார். எங்கள் ஊர் மரியாதை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று பேரும் சேர்ந்து அதைக் கொட்டகைக்குத் தள்ளினோம். சாக்கை வைத்துத் தேய்த்தோம். வெதுவெதுப்பாகத் தவிடு கரைத்து வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வயசாயிடுச்சுங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தீனி எடுத்துச்சுன்னா பயமில்லைங்க" என்றார் டாக்டரம்மா. எடுக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

அப்போது பார்த்து மாமனாரின் வீடியோ கால். பிறந்த பேரனை எங்களுக்குக் காட்ட அல்ல, ஜமீனை அவர் பார்க்க. கவிதா மறைக்கத் தெரியாதவள், எல்லாவற்றையும் காட்டிவிட்டாள். மாமனார் கொட்டகைச் சுவரைக் காட்டச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்.

"அதோட போர்வை அங்கதானுங்களே மாப்ள மாட்டி வெச்சிருந்துச்சு? பச்சைக் கலர்ல, மெழுகுத் துணி. வாரெல்லாம் வெச்சு. தூறல் போட்டா மட்டும் அதைக் கட்டுவமுங்க."

பார்த்திருந்தேன். தார்ப்பாய் என்று நினைத்திருந்தேன். மெதுவாகத் திரும்பினேன். கவிதா கையிலிருந்த செல்போனும் என்னோடு திரும்பியது. வாசலில், நாலு வாரும் இறுக்கிக் கட்டப்பட்டு, ஒரு சொட்டு ஈரமில்லாமல், என் ஸ்கூட்டர் அதைப் போர்த்திக்கொண்டு நின்றது.

மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கூர்ந்து பார்த்தார்.

"வண்டி நனையலீங்களே மாப்ள?"

கேலியா, உண்மையான அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு நீளமான பகல் பார்த்ததில்லை. மாமனார் விமானத்திலிருந்து இறங்கி நேராக இங்கே வருவார், இந்த இடம் காலியாக இருக்கும், அப்போதும் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார் என்று நினைத்து நினைத்து வாளித் தவிட்டைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். நாலரை மணிக்கு ஜமீன் எழுந்து வந்து, தவிட்டை விட்டுவிட்டு, என் சட்டைக் கையைக் கடித்தது. இன்னும் கொஞ்சம் கடி என்று கையை நீட்டினேன். அப்புறம்தான் வாளியில் வாயை வைத்தது.

மாசியில் மாமனார் வந்தார். ஜமீனைத் தடவிப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கதை எப்படியோ சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது வானம் லேசாக இருட்டினாலே அவிநாசியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் போன் வருகிறது: "ஸ்கூட்டருக்குப் போத்தியாச்சுங்களா?"

போன ஐப்பசியில் பேரனின் பிறந்தநாளுக்கு அவர்கள் மறுபடி டொரண்டோ கிளம்பினார்கள். நான் இந்தமுறை நோட்டும் பேனாவுமாக முன்னால் போய் நின்றேன். மாமனார் என்னைக் கும்பிட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மணி, தூறல் போட்டா மாப்ளைக்கு ஒரு போர்வை குடுத்து ஊட்டுக்குள்ள உக்கார வெச்சுக்க கண்ணு. ஜமீனு அது பாட்டுக்கு இருந்துக்கும்."