மல்கிரேவில் ஒரு முள்ளுக்கோட்டை

சிகரட்டை விடுறதில்லை எண்டு சச்சிதானந்தன் உறுதியா முடிவெடுத்தார். விட்டிட்டன் எண்டு மனுசிக்குச் சத்தியம் பண்ணி அப்ப ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

வீட்டுக்குள்ள பத்த ஏலாது. சத்தியபாமாவின்ர மூக்கு அப்பிடி. பக்கத்து ஊர் கிளேற்றனில ஆரும் பத்தினா மல்கிரேவ் வீட்டில இருந்து தும்முவா. மிச்சம், பின்வளவு மூலையில நிண்ட தகர ஷெட் ஒண்டுதான். அங்க போய்க் குந்தினாலும், "இஞ்சருங்கோ, உள்ளுக்க என்ன செய்யிறியள்?" எண்டு சீலை சரசரக்க வந்து நிப்பா.

வழி காட்டினது பக்கத்து வீட்டு டொரீன். அவவின்ர வீட்டு முற்றத்தில ஹொலிச் செடி நிண்டது. கிறிஸ்மஸ் கார்டில முள்ளு இலையும் சிவப்புப் பழமுமாக் கீறியிருக்குமே, அதுதான். ஒருநாள் கதைக்கப் போன சத்தியபாமாவின்ர புது நைலெக்ஸ் சீலை அதில கொழுவி, அரை முழம் கிழிஞ்சுபோச்சு.

"இனிச் செத்தாலும் அந்தச் செடிக்குக் கிட்டப் போகன்!" எண்டு குசினியில நிண்டு கத்தினா.

சச்சிதானந்தனுக்கு அசரீரி கேட்டமாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, இடுப்பளவு ஹொலிச் செடியள் ஒரு ட்ரெய்லர் நிறைய வந்திறங்கிச்சுது. ஒஸ்ரேலியாவுக்குக் கலர் டீவி வந்த வருசம். அயலட்டை முழுக்க டீவி வாங்க, இவர் முள்ளு வாங்கினார்.

"என்னத்துக்கு இவ்வளவும்?"

"கிறிஸ்மஸுக்குப் பாமா. பழம் குலுங்கும். ரெண்டு கொப்பு முறிச்சு வேலையில என்ர பொஸ்ஸுக்குக் குடுத்தா மனுசன் உருகிப்போவான்."

"ஷெட்டைச் சுத்தியோ நடப்போறியள்?"

"அங்கதானே நல்ல வெயில்."

"அங்க வெயிலே விழாது."

"அதுதான் சொல்லுறன். இது இங்கிலாந்துச் செடி. வெயிலைக் கண்டா அதுக்குக் காய்ச்சல் வரும்."

சத்தியபாமா அவரை மேலயும் கீழயும் பாத்தா. "ஓம், நடுங்கோ. நெருக்கமா நடுங்கோ."

நெருக்கமாத்தான் நட்டார். ஷெட்டுக்குப் பின்பக்கம் மட்டும் ஒரு இடுக்கு விட்டார். தொப்பை வண்டியை எக்கிக்கொண்டு பக்கவாட்டில நுழைஞ்சா உள்ள போகலாம். உள்ள ஒரு கதிரை, ஒரு சிகரட் பெட்டி. சொர்க்கம்.

"செடியைப் பாத்திட்டு வாறன்" எண்டு பின்னேரம் போவார். வரேக்க வாயில பெப்பர்மிண்ட். ஒரு செடியை இவ்வளவு பாசமாப் பாத்த மனுசன் மெல்பேணிலேயே இல்லை. சத்தியபாமாவும் சும்மா இருக்கேல்லை. "இந்தாங்கோ, மீன் கழுவின தண்ணி. ஊத்துங்கோ, கெதியா வளரும்" எண்டு வாளியோட குடுப்பா. பாவம், வெள்ளை மனசு எண்டு அவருக்குக் கண் கலங்கும்.

மூண்டு வருசத்தில வேலி ஆளுயரம் வந்து, அந்த இடுக்கைத் தவிர கை நுழைக்க இடமில்லாமல் அடைச்சிட்டுது. டிசம்பரும் வந்தது.

"எங்க பழம்?"

"இஞ்ச டிசம்பர் கோடையெல்லே. ஜூனிலதான் பழுக்கும்."

ஜூனும் வந்தது.

"எங்க பழம்? டொரீன்ர செடி சிவந்துபோய் நிக்குது!"

அவர் தலையைச் சொறிய, எல்லை வேலிக்கு மேலால எட்டிப் பாத்த டொரீன் விழுந்து விழுந்து சிரிச்சா. "சச்சி! வருசா வருசம் பூத்ததைப் பாத்தனான், ஒரு காய் இல்லை. எல்லாம் ஆண் செடி! பெண் செடிதான் காய்க்கும்!"

"பாத்தியளே?" எண்டா சத்தியபாமா. "இத்தனை ஆம்பிளையள் கூடி நிண்டும் ஒரு பழத்துக்கு வழியில்லை. ஒரு பொம்பிளை வேணும்."

"பழம் என்னத்துக்குப் பாமா, விடும்."

"பொஸ்ஸுக்கு! மறந்துபோச்சே? டிசம்பரோ ஜூனோ, பொஸ் பொஸ்தானே."

சனிக்கிழமை, சிநேகிதன் இரத்தினசிங்கம் வீட்டில சீட்டாடிப்போட்டு வந்தவர் பின்வளவில அப்பிடியே நிண்டிட்டார். பழம் குலுங்கக் குலுங்க ஒரு பெண் ஹொலி. ஆளுயரம். நட்டிருந்தது அந்த இடுக்குக்குள்ள.

"ஏன் அங்க நடுவிச்சனீர்?"

"வேற எங்க இடமிருக்கு? நீங்கள்தானே முன்யோசனையா ஒரு இடம் விட்டு வச்சிருந்தனீங்கள்."

அடுத்த நாள் பின்னேரம் சிகரட் கூப்பிட்டுது. சச்சிதானந்தன் கம்பளிக் கார்டிகனோட வண்டியை எக்கினார். பாதி உள்ள போனார். மற்றப் பாதி வரேல்லை. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது.

"அசையாதேங்கோ. கார்டிகன் கிழிஞ்சிடும்."

கழுத்தை மட்டும் திருப்பிப் பாத்தார். சத்தியபாமா. காலில அவற்ற ரப்பர் கம்பூட்ஸ், மேல அவற்ற மழைக்கோட்டு, கையில கத்தரிக்கோல்.

"நீர்... செத்தாலும் கிட்ட வரன் எண்டனீரே?"

"சீலையோடதான் வருவன் எண்டு ஆர் சொன்னது?" மழைக்கோட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்து ஒரு நூல்பந்தை எடுத்தா. மண்ணிறம். தேங்காயளவு.

"இதென்ன?"

"உங்கட கார்டிகன். நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு முள்ளில கிடந்ததுகளைப் பொறுக்கிச் சுத்தினது. என்ர சீலை ஒருக்காத்தான் கொழுவினது. நீங்கள் தினம் தினம்."

"அப்ப முதல் நாளே தெரியுமோ?"

"ஓம்."

"பின்னை ஏன் பேசாமல் இருந்தனீர்?"

"வேலி வளரட்டும் எண்டு பாத்தன்."

கொழுவின கார்டிகனைக் கத்தரிக்கோலால வெட்டி, அவரை மட்டும் எடுத்தா. செடியில ஒரு இலைகூட விழேல்லை.

இப்ப சச்சிதானந்தன் பத்துறேல்லை. பின்னேரத்தில அந்தப் பெண் செடிக்கு மீன் தண்ணி ஊத்துறார், அந்த நூலில மனுசி பின்னிக் குடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு.