இரண்டு மடங்குச் சட்டி

கணக்கு டீச்சருக்குக் கணக்கு தப்பாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. தமிழ் ஐயாவுக்கு எழுத்துப்பிழை வந்தால் 'அவசரத்தில் எழுதியிருப்பார்' என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மட்டும் ஆயுள் தண்டனை. ஏழு வருஷமாக அனுபவித்து வருகிறேன்.

என் தம்பிக்கு மம்சாபுரத்தில் பெண் முடிவாகி, பூ வைக்க நாள் குறித்திருந்தோம். எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அம்மா சம்பந்தி வீட்டில் வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்: "பால்கோவா என் கைப்படக் கிண்டிக் கொண்டாரேன். கடைச் சரக்கு உங்க வாசல் ஏறாது." பெண்ணின் பெரியப்பா அதைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். இனி அம்மாவின் மானமே அந்தப் பால்கோவாவில்தான்.

எங்கள் இரும்புச் சட்டி ஐந்து லிட்டர் பாலுக்குத்தான் காணும். வேண்டியதோ பத்து லிட்டர்.

"ரெண்டு ஈடாக் கிண்டுனா முடிஞ்சு போச்சு" என்றாள் அம்மா.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? (பெரிய மேதை!) ராஜபாளையத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் நான். சட்டியை டேப் வைத்து அளந்தேன். வாயகலம், ஆழம், தகட்டின் கனம் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினேன். கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன்.

பட்டறைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், எல்லாமே ரெண்டு மடங்கா? எதுக்கும் ஒருக்கா கணக்கப் பாத்துருங்களேன்."

"கணக்கு டீச்சர்ட்டயே கணக்குப் பாக்கச் சொல்லுதீகளா?" என்று முறைத்துவிட்டு வந்தேன்.

'நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு' என்று அந்த வாரம்தான் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். பிள்ளைகளுக்காக எழுதினேனே தவிர, நான் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

பூ வைப்பதற்கு முதல் நாள் காலை சட்டி லோடு ஆட்டோவில் வந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். பத்து லிட்டருக்குச் சொன்ன சட்டி நாற்பது லிட்டர் கொள்ளும். எடையும் பழையதைப் போல எட்டு மடங்கு. அடுப்படி வாசலில் நுழையவே இல்லை. தெருவில் கல் கூட்டி ஏற்றி வைத்துவிட்டு நால்வரும் போய்விட்டார்கள்.

"ஏட்டி, இது சட்டியா, பரிசலா? பழசையே எடு" என்றாள் அம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதுலதான் கிண்டணும்" என்று பத்து லிட்டரையும் ஊற்றினேன். பாவி, பதம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

"ஏலே, பதம் வந்துட்டு, எறக்கு!" என்று கத்தினாள் அம்மா.

தம்பியும் நானும் ஆளுக்கொரு காதைப் பிடித்தோம். சட்டி அசையவில்லை. விறகை இழுத்துப் போட்டோம். அடுப்பு அணைந்துவிட்டது, ஆனால் இரண்டு மடங்குக் கனமான தகடு சூட்டை விடுவேனா என்றது. அம்மா அள்ளி மாற்றப் பாத்திரம் எடுத்து வருவதற்குள், கண்ணெதிரே பால்கோவா சிவந்தது, கருகியது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. 'எட்டு மடங்கு' என்று பட்டறைக்காரர் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டாமா? தம்பிதான் தினமும் ஜிம்முக்குப் போகிறானே, எதற்காம்?

வேறு வழியில்லாமல் கடையில் வாங்கி, எங்கள் வீட்டுத் தூக்குவாளிக்கு மாற்றினோம்.

மறுநாள் பெண்ணின் பெரியப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "ஆகா! தங்கச்சி கைப்பக்குவம் எந்தக் கடையில வரும்?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடாதே என்று நான் அம்மாவின் காலை மிதித்தேன். அம்மாவுக்குப் பொய் வரவில்லை. "அண்ணாச்சி, இது கடையில வாங்குனதுதான்."

தம்பியின் முகம் வெளுத்தது.

"ஏன் தங்கச்சி, என்னாச்சு?"

அம்மா என்னைக் கைகாட்டினாள். "எம் மக கணக்கு டீச்சர்."

அம்புட்டுதான். பொறவு முழுக் கதையும் வந்தது. பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. உள்ளறையிலிருந்து பெண்ணின் சிரிப்பும் கேட்டது. சம்பந்தம் பிழைத்தது. என் மானம்தான் போனது.

அன்று சிரித்தவள்தான் இப்போது எங்கள் வீட்டு மருமகள். போன மாதம் அவள் உப்புமாவை அடிப்பிடிக்க விட்டிருக்கிறாள். "எப்படிக் கருகுச்சு?" என்று அம்மா கேட்டதற்குக் கண் இமைக்காமல், "மதினி கணக்கு டீச்சர்ல்ல" என்றாளாம். அம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாளாம்.

நான் அப்போது ராஜபாளையத்தில் வகுப்பில் இருந்தேன்!