இன்னொரு ஸ்பேனரைப் பிடிக்க ஆள் இல்லாதவன்

தனியாக வாழ்கிற மனிதனால் செய்ய முடியாத காரியங்கள் சில உண்டு. முதுகின் நடுவில் தைலம் தேய்க்க முடியாது. மெத்தை விரிப்பின் நாலு மூலையையும் ஒழுங்காகச் செருக முடியாது. (ஒரு மூலையைச் செருகினால் எதிர்மூலை சிரித்துக்கொண்டே வெளியே வரும்.) இவற்றோடு நான் ஒருவாறு சமாதானமாகியிருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பது, என் வண்டியின் பின்பம்பர் என்னை விட்டுவிட்டுச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிய அந்த வாரக் கடைசியில்தான் தெரிந்தது.

மனைவி விலகிப்போய், மகளும் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போன பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் நானும் ஒரு ரைஸ் குக்கரும் மிஞ்சினோம். நாய் வளர்க்கலாம் என்றால் கட்டட நிர்வாகம் விடாது. ஆகவே ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினேன். (நாயைவிட அதிகம் தின்றது.) வாரக் கடைசியில் சேற்றிலும் மேட்டிலும் வண்டி விடுகிற கிள்ளான் கூட்டம் ஒன்றில் சேர்வதுதான் திட்டம். உண்மையைச் சொன்னால் சேற்றின் மீது எனக்கு ஆசை இல்லை. அவர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற படத்தைப் பார்த்திருந்தேன்.

கூட்டத்தின் தலைவர் ஜமால் பாய். கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர். மற்ற நாட்களில் பெண்களுக்குப் புடவை விரித்துக் காட்டுகிற அதே பொறுமையோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்துப் போடுவார்.

“வாங்க அண்ணே, சந்தோஷம். ஆனா பின்னால ரெண்டு ரெக்கவரி பாயிண்ட் இல்லாம டிராக்குக்குள்ள விடமாட்டோம் லா. சேசிஸ்ல மாட்டணும். வேற எங்கயும் இல்ல, சேசிஸ்ல.”

ரெக்கவரி பாயிண்ட் என்பது, வண்டி புதைந்துபோனால் பட்டை கட்டி இழுப்பதற்கான கனத்த இரும்புக் கொக்கி. சேசிஸ் என்பது வண்டியின் அடியில் ஓடும் எலும்புக்கூடு.

“பட்டறைக்கு எடுத்துட்டுப் போறீங்களா?”

“எதுக்கு பாய்? நானே மாட்டிருவேன். இதெல்லாம் ஒரு வேலையா?”

(அதுவரை நான் என் கையால் மாட்டியது ஒரு திரைச்சீலை. அதுவும் இன்றுவரை கோணல்.)

சனிக்கிழமை காலை கார் நிறுத்துமிடத்தில், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். கொக்கி கச்சிதமாகப் பொருந்தியது. போல்ட்டும் சேசிஸைத் துளைத்து அந்தப் பக்கம் தலை நீட்டியது. நட்டைத் திருகினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. அந்தப் பக்கம் ஒருவர் ஸ்பேனரால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டால்தான் இந்தப் பக்கம் நட்டு இறுகும். இடையில் பெட்ரோல் தொட்டி. ஒரு கையை இப்படியும் மற்றதை அப்படியும் நீட்டிப் பார்த்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதே தவிர நட்டு அசையவில்லை.

யாரையாவது கூப்பிட வேண்டியதுதான். கைப்பேசியில் பெயர்களை மேலும் கீழும் தள்ளினேன். பாதிப் பேர் காப்புறுதி பாலிசி விற்றவர்கள். மீதிப் பேரை எதற்காகச் சேமித்தேன் என்பதே நினைவில்லை. கடைசியில் மாடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் ஓர் அங்கிள் தெரிந்தார். என் முகமெல்லாம் கிரீஸ். கையில் பெரிய ஸ்பேனர்.

“யாரு வேணும்?”

“நான் பக்கத்து வீடு அங்கிள்.”

“சரி. என்ன வேணும்?”

ஒரு பத்து நிமிடம் வந்து ஸ்பேனர் பிடிக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது வேறு.

“உங்க வீட்டுல தண்ணி வருதா அங்கிள்?”

“வருதே.”

“எங்க வீட்டுலயும் வருது,” என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

அப்போதுதான் பம்பரைத் தாங்கும் தகடு கண்ணில் பட்டது. அதில் நட்டு ஏற்கெனவே வெல்டிங் செய்யப்பட்டு இருந்தது. கொக்கிகளை அதிலேயே மாட்டினேன். ஒரே ஆள், ஒரே ஸ்பேனர், அரை மணி நேரம். கொக்கிகளுக்குச் சிவப்புச் சாயம் பூசிக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, ஓடிப்போய் ஏறி வண்டியை நகர்த்தி, இறங்கி வந்து பார்த்தால் பழம் முழுசாக ஓரத்தில் உருண்டு கிடந்தது. (இதற்கும் இரண்டு பேர் வேண்டும்.) கொக்கிகளை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்துக் கூட்டத்தின் வாட்ஸ்அப்பில் போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. அந்த மாதத்தில் என்னோடு அத்தனை பேர் பேசியது அதுதான் முதல் தடவை. படுக்கையில் கிடந்தபடி அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுநாள், கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரைத் தாண்டி, பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டம். முதல் பள்ளத்திலேயே என் வண்டி தலைகுப்புறச் சேற்றில் இறங்கியது. பின்னாலிருந்து இழுக்க வேண்டும். ஜமால் பாய் தன் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, என் சிவப்புக் கொக்கிகளில் பட்டையைக் கட்டினார். எல்லாரையும் தூரமாக விரட்டினார். “அண்ணே, ரிவர்ஸ் போட்டு மெதுவா கால் வைங்க!”

ஒரு குலுக்கல். பயங்கரமான சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். பாயின் வண்டி உற்சாகமாக மேடேறிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் என் பம்பர், நம்பர் பிளேட், குங்குமம் வைத்த இரண்டு கொக்கிகள் எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி குதித்துக்கொண்டு போயின. நான் மட்டும் போகவில்லை. (நன்றி சொல்லக் கையை வேறு வெளியே நீட்டியிருந்தேன்.)

திரும்பி வந்த பாய் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் புடவைக்கடைப் பொறுமை இல்லை.

“எங்க மாட்டினீங்க?”

“பம்பர் தகட்டுல பாய்.”

“இந்த இரும்பு தெறிச்சு யார் தலையிலயாவது பட்டிருந்தா? நான் சேசிஸ்னு சொன்னேனா இல்லையா?”

முடிந்தது, இனி சேர்க்கமாட்டார்கள் என்று தெரிந்தது. ஏதாவது ஜோக் அடித்துத் தப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது.

“சேசிஸ்ல மாட்ட ரெண்டு பேர் வேணும் பாய்.”

“அதனால என்ன?”

“நான் ஒரு ஆள்தான்.”

பாய் கொக்கிகளிலிருந்து பட்டையை அவிழ்த்தார். பிறகு பம்பரைத் தூக்கி என் பின்சீட்டில் எறிந்தார்.

“இனி முன்னாலதான் இழுக்கணும். வண்டியோட வந்த முன்கொக்கி சேத்துக்குள்ள இருக்கு. நீங்களே முங்கிப் பட்டையை மாட்டுங்க. அதான் தண்டனை.”

முங்கினேன். அன்று மண் என் காதுக்குள் போன ஆழத்துக்கு, அதற்குப் பிறகு எந்த மருத்துவரும் போனதில்லை.

அடுத்த ஞாயிறு காலை, கீழே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் பாயும் கூட்டத்தில் இன்னும் மூன்று பேரும். ஒரு ஸ்பேனரைப் பிடிக்க நாலு பேர். ஒருவர் பிடித்தார், ஒருவர் திருகினார், இருவர் குறை சொன்னார்கள். சத்தம் கேட்டு இறங்கி வந்த பக்கத்து வீட்டு அங்கிள் என்னைப் பார்த்ததும், “தண்ணி வருது தம்பி,” என்றார்.

சேசிஸில் ஏறிய அந்தக் கொக்கிகள் இன்றுவரை ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஆனாலும், சில ஞாயிறுகளில் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டால் பாய்க்குப் போன் போடுவேன். “பாய், பின்னால ஒரு போல்ட் லூசான மாதிரி இருக்கு.” போனுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி கேட்பது எனக்கும் கேட்கும்: “யாரு, போல்ட் அண்ணனா? சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூட வைக்கவா?”

பாய் ஸ்பேனரோடு வருவார். அடியில் படுத்து, இறுகியிருக்கிற நட்டைக் கொஞ்ச நேரம் திருகுகிற மாதிரி பாவனை செய்வார்.

“ஆமா அண்ணே, லூசுதான்,” என்பார். “வாங்க, வீட்டுக்குப் போலாம்.”