விமானம் சரிந்ததும் சம்பந்தியார் எழும்பியதும்

“சின்னப் பிரச்சினைதான்” என்று யாராவது சிரித்துக்கொண்டு சொன்னால், நான் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவேன் (ஓடத்தான், அடிக்கிறதுக்கு இல்லை). செருப்பு கிடைத்தும் ஓட இடமில்லாமல் போனது ஒரே ஒருநாள். அன்று நான் ஆகாயத்தில் இருந்தேன்.

கடைசி மகள் சுபாவின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து திரும்பி வந்தோம். மாப்பிள்ளையின் தகப்பனும் கூட வந்தார். சாவகச்சேரிக்காரர், நல்ல மனுசன், நல்ல பாரம். கலியாணத்துக்குப் பத்து நாள். அதுவரை சம்பந்தியாரின் முகம் கோணக்கூடாது என்று மகள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் (பெத்த தாயிலை அவ்வளவு நம்பிக்கை).

சின்ன விமானம். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நான், நடுவே நடைபாதை. பலாலி விமானநிலையம் கிட்ட வந்துவிட்டது. அவருடைய யன்னலில் காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே வெளிச்சவீடு. என்னத்துக்கு விமானம் ஓட்டுகிற ஆள் இப்படிச் சுற்றுகிறான்?

விமானி ஒலிபெருக்கியில் கதைத்தார். இறங்கும்போது இறக்கையின் பின்னால் மடிய வேண்டிய தகடு மடியவில்லையாம். சின்னக் கோளாறுதானாம். வழக்கத்தைவிட வேகமாக இறங்குவோமாம்.

பணிப்பெண்ணைப் பார்த்தேன். தண்ணீர் தரும்போது இரண்டு பல் தெரியச் சிரித்த பிள்ளை, இப்போது முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறாள். எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து விமானம் இடப்பக்கம் நன்றாகச் சரிந்தது. இடப்பக்கம் யார்? சம்பந்தியார்!

நான் கடற்றொழில் வீட்டில் பிறந்தவள். வள்ளம் சரிந்தால் பாரத்தை மற்றப் பக்கம் மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. இதைப் படித்தது அதற்கும் முதல். பெல்ட்டைக் கழற்றி எழும்பினேன்.

“அண்ணை, கெதியா எழும்பி இந்தப் பக்கம் வாங்கோ!”

“ஏன் சம்பந்தியம்மா?”

“உங்கடை பக்கம்தானே சரியுது. நீங்கள் இருந்தால் சரியாமல் என்ன செய்யும்?”

“நான் ஆளோ, அரிசி மூட்டையோ?”

“அதைத் தரையிலை போய்க் கதைப்பம். எழும்புங்கோ!”

பயத்தில் மனுசன் என் இருக்கையில் தொப்பென்று விழுந்தார். விமானம் நிமிர்ந்தது!

“பாத்தியளே?” என்றேன், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. வாய் மூடவில்லை, விமானம் வலப்பக்கம் சரிந்தது.

“கூடிப்போச்சு அண்ணை. அரைவாசி திரும்பி வாங்கோ.”

பணிப்பெண் பாய்ந்து வந்தாள். முகத்தில் ஒரு பல்லும் இல்லை. “உட்காருங்கம்மா! பிளேன் திரும்புது, அவ்வளவுதான்!”

என்னை அவருடைய இருக்கையில் அமுக்கினாள். அவர் வயிற்றுக்கு விட்டிருந்த பெல்ட் எனக்கு இரண்டு சுற்று வரும்.

தரையைத் தொட்ட விமானம் ஓடியது, ஓடியது. சம்பந்தியாரைச் சாவகச்சேரி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் நிற்கப்போகிறதாக்கும் என்று நினைத்தேன். கடைசியில் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். சம்பந்தியார் தட்டவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பியும் பாராமல் போய்விட்டார். பத்து நாளும் அந்தப் பக்கமிருந்து ஒரு கதையும் இல்லை. கலியாணம் குழம்பப்போகிறது, சுபா என்னை உயிரோடு விடமாட்டாள் என்று நித்திரையில்லாமல் கிடந்தேன்.

தாலி ஏறிய பிறகுதான், மணவறையில் படம் எடுக்கும்போது, மனுசன் பழி தீர்த்தார்.

“தம்பி, பொறும். மணவறை சரிஞ்சிடும். நான் எந்தப் பக்கம் நிக்கிறதெண்டு சம்பந்தியம்மா சொல்லட்டும்.”

சபையே சிரித்தது. இன்றைக்கும் ஓட்டோ வளைவில் திரும்பினால், பேரப்பிள்ளைகள் “அம்மம்மா, ஆரை மாத்துறது?” என்று கத்துங்கள்.

தகடுதான் பிழை என்று விமானி சொன்னார்தான். எனக்கு இன்னும் சம்பந்தியாரில்தான் சந்தேகம்.